மருத்துவச்சி பதில்கள்: வண்டி வாசலில் நிற்கட்டும்

சிக்கல் இல்லாதவர்கள் மருத்துவச்சியை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பிள்ளை பெறலாம் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டாக மேசையில் கிடக்கின்றன. பாதிப் பேர் "எந்தத் துணிச்சலில் எழுதினீர்கள்?" என்று திட்டியிருக்கிறார்கள். மீதிப் பேர் "எங்கள் வீட்டுக்கு எப்போது வருவீர்கள்?" என்று தேதி கேட்டிருக்கிறார்கள். இரு தரப்புக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, பயிற்சி பெற்ற மருத்துவச்சி. பன்னிரண்டு ஆண்டு மருத்துவமனைப் பிரசவ அறையிலும், பத்தொன்பது ஆண்டு பிறர் வீடுகளிலும் பிள்ளைப்பேறு பார்த்து ஓய்ந்தவள். இனி யார் வீட்டுக்கும் வருவதாக இல்லை. முழங்கால் இடம் தரவில்லை. பதில் எழுத விரல்கள் போதும்.

கேள்வி: இது எனக்கு முதல் குழந்தை. எட்டாம் மாதம் நடக்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை எதுவும் இல்லை. மருத்துவமனை வாசனையே எனக்கு ஆகாது. வீட்டிலேயே மருத்துவச்சியை வைத்துக்கொண்டு பெற்றுக்கொள்ள ஆசை. கணவர் சம்மதித்துவிட்டார். அம்மா அழுகிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் உங்கள் உடம்பின் பேச்சைக் கேளுங்கள். வயிற்றில் ஒற்றைப் பிள்ளை, தலை கீழே திரும்பியிருக்கிறது, முப்பத்தேழு வாரம் நிறைந்துவிட்டது, நச்சுக்கொடி கருப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கவில்லை, உடம்பில் இரத்தம் போதுமான அளவு இருக்கிறது. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் வீட்டைப் பற்றிப் பேசவே தொடங்கலாம். இரட்டைப் பிள்ளை, புட்டம் கீழாக இருக்கும் பிள்ளை, முன்பு சிசேரியன் ஆனவர், முந்தைய பேற்றில் உதிரம் நிற்காமல் போனவர், அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர் என்றால் மருத்துவமனைதான். இதில் பேரம் கிடையாது. இன்றைக்கு இருக்கிற தகுதி அடுத்த வாரமும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்தெட்டு வாரம் வரை ஒரு குறையும் இல்லாமல் இருந்தவர், ஒரு காலையில் மோதிரம் கழலவில்லை, தலை இடிக்கிறது, கண்ணுக்கு முன் பூச்சி பறக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார். அழுத்தமானியைக் கட்டிப் பார்த்த அடுத்த நிமிடமே அவருடைய வீட்டுப் பிரசவத் திட்டத்தை நானே கிழித்துப் போட்டேன்.

அடுத்தது கணக்கு. 2011ல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. சிக்கல் எதுவும் இல்லாத 64,000க்கும் மேற்பட்ட பெண்களை, எங்கே பெற்றுக்கொள்ளத் திட்டமிட்டார்கள் என்று பிரித்துவைத்துப் பார்த்தார்கள். முன்பே ஒரு பிள்ளை பெற்றவர்களுக்கு, வீட்டைத் தேர்ந்தாலும் மருத்துவமனையைத் தேர்ந்தாலும் குழந்தையின் நலத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வீட்டைத் தேர்ந்தவர்களுக்குச் சிசேரியனும் ஆயுதம் போட்டு எடுப்பதும் குறைவாகவே இருந்தன. தலைப்பிரசவத்தில் கதை மாறுகிறது. குழந்தையின் இறப்பு, மூளைப் பாதிப்பு, எலும்பு முறிவு போன்ற கேடுகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால் மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. இரண்டும் சின்ன எண்கள்தான். ஆனாலும் ஒன்று மற்றொன்றைவிடப் பெரியது என்பதை உங்களிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது. வீட்டில் பெறத் திட்டமிட்ட முதல் பிள்ளைக்காரர்களில் நூற்றுக்கு 45 பேர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். முன்பே பெற்றவர்களில் 12 பேர். அந்த நாற்பத்தைந்து பேரும் உயிர் போகிற அவசரத்தில் ஓடினார்கள் என்று நினைக்காதீர்கள். வலி முன்னேறாமல் தேங்கியதுதான் அவர்களில் பலருக்குக் காரணம். உங்கள் கதையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பில் வாசலைத் தாண்டிப் போகும் கதை. அதற்கு ஆயத்தமாக இருக்கிறீர்களா? அம்மா அழுவது வீட்டைப் பார்த்து இல்லை என்று நினைக்கிறேன். "என்ன ஆனாலும் இங்கேதான்" என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பார். "தேவை என்றால் உடனே கிளம்புவோம், வண்டி வாசலில் நிற்கும்" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த வண்டியில் ஏறி, நெரிசல் மிகுந்த மாலை நேரத்தில், உங்கள் வாசலிலிருந்து மருத்துவமனை வாசல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். அரை மணிக்கு மேல் ஆனால் நான் அந்த வீட்டுக்கு ஒப்புக்கொள்வதே இல்லை. இது எந்த நூலிலும் உள்ள விதி இல்லை, என் விதி.

இன்னொரு வழியும் உண்டு. மருத்துவச்சிகளே நடத்தும் பிரசவ மையங்கள் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். அந்த இங்கிலாந்து ஆய்விலேயே, முதல் பிள்ளைக்கும் அந்த மையங்களில் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை. மருத்துவமனை வாசனையும் இருக்காது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். அந்த எண்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முறையாகப் படித்த, பதிவு பெற்ற, மருத்துவமனையோடு நேரடித் தொடர்பு உள்ள மருத்துவச்சிகள். அப்படி ஒருவர் கிடைக்காத இடத்தில் அந்த எண்கள் செல்லாக் காசு.

கேள்வி: நல்ல மருத்துவச்சி என்று எப்படிக் கண்டுகொள்வது? எல்லோரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள்.

பதில்: அன்பை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார், நல்லவர் என்றால் மகிழ்ச்சியாகவே காட்டுவார். ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கட்டிலில் பரப்பட்டும். அழுத்தமானி, கையுறைகள், கிருமி நீக்கிய கத்தரிக்கோல், தொப்புள்கொடியைக் கவ்வும் கிளாம்ப், தையல் சாமான்கள், சிறுநீர்க் குழாய். குழந்தை மூச்சுவிடத் திணறினால் காற்றுக் கொடுக்கும் ஆம்பு பையும், பிஞ்சு முகத்துக்குப் பொருந்துகிற அளவில் முகமூடியும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அந்தப் பையை உங்கள் எதிரிலேயே ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்த பிறகு கருப்பையைச் சுருக்கி உதிரத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின் ஊசி மருந்தை எங்கே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அது குளிரில் இருக்க வேண்டிய மருந்து. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஆறு மாதம் கிடந்தது என்றால் அதன் வேகம் குறைந்துபோயிருக்கும். போனது கண்ணுக்கும் தெரியாது.

குழந்தையின் இதயத்துடிப்பை எதை வைத்துக் கேட்பார்? இப்போது கையடக்க டாப்ளர் எல்லோரிடமும் இருக்கிறது. என்னிடம் அதோடு மரக்குழல் ஒன்றும் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் அடோல்ஃப் பினார்ட் 1895ல் வடிவமைத்தது. ஒரு முனை வயிற்றில், மறு முனை என் காதில். கையால் பிடிக்கக் கூடாது. பிடித்தால் விரலின் அசைவு ஓசையாகக் கேட்கும். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தால், தலையணைக்கு அடியில் வைத்த கைக்கடிகாரம் போல ஒரு சின்ன ஓசை எழும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை. அதற்கு மின்கலம் தேவையில்லை என்பது ஒரு காரணம். கேட்பதற்கு நான் மண்டியிட வேண்டும், தாயின் வயிற்றில் தலை சாய்க்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். எதை வைத்துக் கேட்டாலும் சரி, வலி வலுத்த பிறகு பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கத் தொடங்கிய பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்க வேண்டும். கேட்டதை நேரத்தோடு எழுதவும் வேண்டும். எழுதாத மருத்துவச்சியை நான் நம்பமாட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி. "நீங்கள் கடைசியாக எப்போது ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பினீர்கள், எதற்காக?" இதற்கு நாளும் காரணமும் சொல்பவரை வைத்துக்கொள்ளுங்கள். "என் கையில் இதுவரை யாரும் மருத்துவமனை போனதில்லை" என்பவருக்கு நன்றி சொல்லி, வாசல் வரை சென்று வழியனுப்பிவிடுங்கள். அவர் மிகக் குறைவாகப் பிரசவம் பார்த்தவராக இருப்பார், அல்லது அனுப்ப வேண்டியவர்களை அனுப்பாதவராக இருப்பார்.

இரண்டு பேராக வருவாரா என்றும் கேளுங்கள். பிள்ளை வெளியே வந்த கணத்தில் இரண்டு உயிர்கள். பார்க்க நான்கு கைகள் வேண்டும்.

கேள்வி: மனைவிக்கு வீட்டில் பிரசவம் நடக்கப் போகிறது. நான் என்ன செய்வது என்றே தெரியவில்லை. திரைப்படங்களில் வெந்நீர் கொண்டு வரச் சொல்கிறார்களே, அதைத் தவிர ஆணுக்கு என்ன வேலை?

பதில்: தம்பி, அந்த வெந்நீர் எதற்கு என்று எனக்கும் இன்றுவரை தெரியாது. பதறுகிற ஆண்களை அறையை விட்டு வெளியே அனுப்ப யாரோ ஒரு கெட்டிக்காரி கண்டுபிடித்த உபாயமாக இருக்கும்.

உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. பிரசவ நேரம் முழுக்கக் கூடவே ஒருவர் துணையாக இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்த இருபத்தாறு ஆய்வுகளை 2017ல் தொகுத்தார்கள். பதினேழு நாடுகள், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். துணை இருந்தவர்களுக்குத் தானாகவே பிள்ளை பிறப்பது கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரமும் சற்றுக் குறைந்தது. மாத்திரையோ ஊசியோ இல்லை. பக்கத்தில் ஓர் ஆள், அவ்வளவுதான். அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு.

ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கணவர் இயந்திரப் பொறியாளர். கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு வலிக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவெளி எல்லாம் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தார். மனைவி வலியில் "ஐயோ" என்றால், "நாற்பத்தெட்டு வினாடி, முந்தியதைவிடக் குறைவு" என்பார். நான்காவது முறை அந்தப் பெண் நோட்டைப் பிடுங்கி எறிந்தார். நான் அவரை மனைவியின் பின்னால் உட்காரவைத்து, இரு உள்ளங்கைகளையும் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் அந்தத் தட்டையான எலும்பின் மேல் வைத்து, "வலி வரும்போது உடல் எடையைச் சாய்த்து அழுத்துங்கள், போகும்போது எடுங்கள், பேசாதீர்கள்" என்றேன். நான்கு மணி நேரம் அதைச் செய்தார். மறுநாள் அவர் மணிக்கட்டு வீங்கியிருந்தது. மனைவிக்கு நினைவிருப்பது அந்தக் கை மட்டும்தான். நான் அங்கே இருந்ததே பாதி மறந்துபோயிற்று என்று அவரே சொன்னார். எனக்கு அதைவிடப் பாராட்டு வேண்டாம்.

ஆக, அழுத்துங்கள். வலிக்கு வலி ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நினைவூட்டுங்கள். நிறைந்த மூத்திரப் பை பிள்ளையின் தலைக்கும் தடை, பின்னால் உதிரத்துக்கும் வாசல். அறையைச் சூடாக வைத்திருங்கள். குறைந்தது 25 பாகை. விசிறிக் காற்று உங்களுக்கு இதமாக இருக்கும். ஈரத்தோடு பிறக்கிற பிள்ளையை விறைக்க வைத்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை கதவைக் காப்பது. உள்ளே யார் இருப்பது என்பது மனைவி முடிவு. வெளியே நிறுத்துவது நீங்கள். தன் முதல் பிரசவத்தின் பயங்கரத்தை அந்த நேரத்தில் எடுத்துவைத்துப் பேசும் அத்தை ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவருக்குக் கூடத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். கருப்பை வாய் முழுதாகத் திறப்பதற்கு முன்பே "முக்கு, முக்கு" என்று கத்துகிறவருக்கு இன்னும் தொலைவில் போடுங்கள்.

வண்டிச் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். மருத்துவச்சி "போகலாம்" என்றால், அந்தச் சொல்லுக்குப் பிறகு "ஏன்" என்ற சொல் வரக் கூடாது. காரணத்தை வண்டியில் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் எல்லாம் மல்லாக்கப் படுத்துத்தான் பெற்றோம். என் மருமகளுக்கு வரும் மருத்துவச்சி நடக்கச் சொல்கிறார், நான்கு காலில் நிற்கச் சொல்கிறார். இது என்ன புதுமை?

பதில்: அம்மா, நீங்கள் படுத்ததுதான் புதுமை. நின்று, குந்தி, மண்டியிட்டுப் பெற்றதுதான் நெடுங்காலப் பழக்கம். பிள்ளை கீழ்நோக்கி வர வேண்டும். பூமியும் கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. கருப்பை வாய் திறக்கும் கட்டத்தில் படுக்காமல் நடமாடினால் அந்தக் கட்டம் ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிடம் குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நான்கு காலில் நிற்பதற்கு இன்னொரு பயன், பிள்ளையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டால் அந்த நிலையே அதை விடுவிக்கும் ஒரு வழி. அமெரிக்க மருத்துவச்சி ஐனா மே காஸ்கின் பெயரை அந்த முறைக்கு வைத்திருக்கிறார்கள். மருமகள் களைத்துப் படுத்தால் படுக்கட்டும், ஒருக்களித்து. நீங்கள் தோள் கொடுங்கள்; சாய்ந்துகொள்ள மாமியாரின் தோள் நல்ல உயரம்.

கேள்வி: வீட்டில் கிருமி இருக்காதா?

பதில்: இருக்கும். உங்கள் வீட்டுக் கிருமி உங்கள் உடம்புக்குப் பழகியது. அஞ்ச வேண்டியது பிறர் கைகளை. 1847ல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரிவில் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு மளமளவென்று இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் இறப்பு அதைவிட மிகக் குறைவு. மாணவர்கள் பிணம் அறுத்த கையோடு பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னதும் இறப்பு சரிந்தது. அவர் பேச்சைச் சக மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை என்பது தனிக் கதை. நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது குழாயைத்தான்.

கேள்வி: குழந்தை பிறந்ததும் கொடியை உடனே வெட்டுவதா, காத்திருப்பதா? எப்போது குளிப்பாட்டலாம்?

பதில்: காத்திருங்கள். ஒன்று முதல் மூன்று நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பிறந்த கணத்தில் கொடி நீலமாக, தடித்து, விரலுக்கு அடியில் துடித்துக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் வெளுத்து, மெலிந்து, துடிப்பு அடங்கும். அதற்குள் பிள்ளைக்குச் சேர வேண்டிய இரத்தம் சேர்ந்துவிடும். அந்த இரும்புச்சத்து பல மாதங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆனால் துடைப்பதற்குக் காத்திருக்கக் கூடாது. முதல் துணியால் நன்றாகத் துடைத்து, ஈரத் துணியை எறிந்துவிட்டு, தாயின் வெறும் மார்பில் போட்டு, உலர்ந்த துணியால் இருவரையும் சேர்த்து மூடிவிட வேண்டும். தலையில் ஒரு குல்லா. பெரும்பாலான பிள்ளைகள் துடைக்கும்போதே கத்திவிடும். கத்தாத பிள்ளைக்குத்தான் ஆம்பு பை; ஒரு நிமிடத்துக்குள் காற்றுப் போயாக வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைப் போல நீளமான நேரம் என் வாழ்வில் வேறு இல்லை. பிறகு மதிப்பெண் போடுவோம். அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952ல் சொன்ன முறை. நிறம், துடிப்பு, முகச்சுளிப்பு, தசை இறுக்கம், மூச்சு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மொத்தம் பத்து. ஒன்றாம் நிமிடம் ஒருமுறை, ஐந்தாம் நிமிடம் ஒருமுறை. ஒன்றாம் நிமிடத்தில் பத்துக்குப் பத்து வாங்கும் பிள்ளைகள் மிகக் குறைவு. கையும் காலும் நீலமாகவே இருக்கும். மதிப்பெண்ணைச் சொன்னால் தாத்தாக்கள் "ஒன்று ஏன் குறைந்தது?" என்று கேட்பார்கள்.

முதல் ஒரு மணிக்குள் பால் கொடுக்கத் தொடங்கலாம். குளியல் 24 மணி நேரத்துக்குப் பிறகு. உடம்பில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பூச்சைத் தேய்த்து எடுக்காதீர்கள். அது அழுக்கு இல்லை.

கேள்வி: என் தங்கைக்கு வீட்டில் சுகமாகப் பிள்ளை பிறந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். மருத்துவச்சி மட்டும் ஏதோ கோபத்தில் இருப்பவர் போல எங்களை விலக்கிவிட்டு, தங்கையின் வயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தை ஏன் கெடுத்தார்?

பதில்: அவர் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

பிள்ளை பிறந்ததும் வீடு முழுக்கப் பிள்ளையைப் பார்க்கும். தாயைப் பார்க்க ஒருவர் வேண்டும். பிரசவத்தில் தாய்மார்களின் உயிரைக் குடிப்பதில் உலகெங்கும் முன்னால் நிற்பது உதிரப்போக்கு. அது பெரும்பாலும் பிள்ளை பிறந்த பிறகு, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. நச்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களைக் கருப்பை சுருங்கித்தான் மூட வேண்டும். சுருங்கிய கருப்பை தொப்புளுக்குக் கீழே ஒரு பந்து போலக் கெட்டியாகக் கையில் படும். சுருங்காதது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவர் அழுத்தியது அதைத் தேடி, தேய்த்து, கெட்டியாக்க.

ஒருமுறை விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பெண்ணுக்கு இரண்டாவது பிள்ளை. நாலே மணி நேரத்தில், ஒரு கீறல் இல்லாமல். பிறந்ததும் தொடையில் ஆக்சிடோசின் 10 அலகு போட்டேன். நச்சுக்கொடி பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது. தட்டில் விரித்து, துண்டு எதுவும் விட்டுப்போகவில்லை என்று பார்த்துக்கொண்டேன். கணவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வயிற்றில் வைத்த என் கைக்கு அடியில் பந்து மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. கீழே பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை, மெல்லிய கசிவு. ஆனால் அந்தப் பெண்ணின் அடியில் கை விட்டேன். மெத்தை விரிப்பு முழங்கை வரை சூடாக நனைந்திருந்தது. உதிரம் பாய்ந்து வந்தால் யாரும் பார்த்துவிடுவார்கள். கசிந்து விரிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டால் யாருக்குத் தெரியும்?

மூத்திரப் பையைக் குழாய் விட்டு வடித்தேன். ஆறு மணி நேரமாக அவர் கழிக்கவில்லை, கேட்க நானும் மறந்திருந்தேன். அந்தப் பிழை என்னுடையது. அடிவயிற்றைத் தேய்த்தேன், கருப்பையைச் சுருக்கும் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தேன், என் கூட வந்த பெண் வண்டிக்குச் சொன்னார். விரிப்பைச் சமையலறைத் தராசில் நிறுத்தோம். உலர்ந்த எடையை முன்பே குறித்துவைப்பது என் வழக்கம். ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. 700 தாண்டியிருந்தது, 500 தாண்டினாலே அபாயம். வண்டியில் ஏறும்போது கசிவு நின்றுவிட்டது. ஆனாலும் போனோம், பிள்ளை அவர் மார்பிலேயே இருந்தது. மறுநாள் மாலை வீடு திரும்பினார். அந்தக் கணவர் எடுத்த படங்களில் ஒன்றில் மட்டும் ஓர் ஓரத்தில் என் கை தெரிகிறதாம்.

கண்ணால் பார்த்து அளவு சொல்கிறவர்கள் எல்லோரும் குறைத்தே சொல்கிறோம், நானும்தான். நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் எண்பது மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2023ல் முடிவு வந்தது. தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்து உதிரத்தை அளந்தார்கள். கோட்டைத் தாண்டியதும் தேய்த்தல், மருந்து, சோதனை என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதன் கொடிய விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. ஒரு பிளாஸ்டிக் பை. படங்களை அடுத்த நாளும் எடுக்கலாம். முதல் இரண்டு மணி நேரம் அந்தக் கை வயிற்றில் இருக்கட்டும்.

கேள்வி: மருத்துவச்சி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால்?

பதில்: அவசரமாகப் பிறக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகவே பிறக்கின்றன. தொலைபேசியில் அவசர ஊர்திக்கும் மருத்துவச்சிக்கும் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வையுங்கள். தாய் தரைக்கு அருகில் இருக்கட்டும், பிள்ளை விழாதபடி. தலையை இழுக்காதீர்கள். தாங்கிக்கொள்ளுங்கள். கழுத்தில் கொடி சுற்றியிருந்தால், தளர்வாக இருக்கும்போது தலைக்கு மேல் கழற்றலாம். துடைத்து மார்பில் போட்டு மூடுங்கள். கொடியை வெட்ட வேண்டாம், வீட்டுக் கத்தரியால் வேண்டவே வேண்டாம். நச்சுக்கொடி தானாக வந்தால் ஒரு பாத்திரத்தில் பிள்ளைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வராவிட்டால் கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது.

பிள்ளைக்கு முன்பாகக் கொடி வெளியே தெரிந்தால் அது வேறு. அந்தக் கணமே தாயை மண்டியிட்டு, மார்பு தரையில் பட, பின்புறம் உயர இருக்கவைத்து ஊர்தியை அழையுங்கள். கொடியைத் தொடாதீர்கள்.

கேள்வி: காணொளிகள் பார்த்து, மருத்துவச்சியும் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டுமே பார்த்துக்கொள்ள நினைக்கிறோம். இயற்கை தானே எல்லாம் செய்யும்?

பதில்: வேண்டாம். மேலே உள்ள பதிலில் நனைந்த விரிப்பைப் பற்றிச் சொன்னேனே, அதுவும் இயற்கைதான்.

கேள்வி: வீட்டில் பெற எட்டு மாதம் ஆயத்தம் செய்தேன். விளக்கு, பாட்டு, படுக்கை எல்லாம். பதினான்கு மணி நேர வலிக்குப் பிறகு குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று மருத்துவச்சி என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கே சிசேரியன். குழந்தை நலம். மூன்று மாதம் ஆகிறது, இன்னும் அந்த அறைக்குள் போனால் அழுகிறேன். நான் எங்கே தோற்றேன்?

பதில்: மகளே, "குழந்தை நலமாக இருக்கிறதே, பிறகென்ன" என்று உங்களிடம் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். நீங்கள் எதிர்பார்த்த ஒரு நாள் கிடைக்கவில்லை. அதற்கு அழலாம். அழுகை தினமும் வருகிறது, தூக்கம் வரவில்லை, பிள்ளை மேல் மனம் ஒட்டவில்லை என்றால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருந்தும் பேச்சும் உண்டு.

அறையை மாற்றி அமைத்துப் பாருங்கள். கட்டிலை அடுத்த சுவருக்குத் தள்ளுங்கள். சிரிக்காதீர்கள், இரண்டு பேருக்கு இது வேலை செய்திருக்கிறது.

அடுத்த பிள்ளையைப் பற்றி இப்போதே நினைத்திருந்தால், ஒருமுறை சிசேரியன் ஆன கருப்பைக்கு வீடு ஏற்ற இடம் இல்லை. சுகப்பிரசவத்துக்கு முயலலாம், மருத்துவமனையில். உங்கள் மருத்துவச்சி துணைக்கு வர முடியுமா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

நீங்கள் எங்கே தோற்றீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவச்சியிடம் அன்றைய பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். தருவதற்கு அவர் கடமைப்பட்டவர். அதில் இரண்டு நேரங்களைத் தேடுங்கள். குழந்தையின் துடிப்பு இறங்கியது என்று முதலில் எழுதிய நேரம். வண்டி உங்கள் வாசலைவிட்டுக் கிளம்பிய நேரம். இரண்டுக்கும் இடையில் எத்தனை நிமிடம் என்று எனக்கு எழுதுங்கள். சில நிமிடங்கள்தான் என்றால், உங்கள் மருத்துவச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். மகளா, மகனா? எழுத மறந்துவிட்டீர்கள்.